பூசைக்குப் போக முடியாத ஞாயிறு: ஆன்மீக நற்கருணை செல்லுமா?

பூன்லே_மகள் | ஞாயிறு, பிற்பகல் 1:12

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

அம்மாவுக்கு 74 வயது. போன வருடக் கடைசியில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியாது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் பால் போகிறது. வார நாட்களில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறாள். பிலிப்பீன்ஸ்காரி, கத்தோலிக்கப் பெண். ஞாயிறு அவளுக்கு ஓய்வு நாள். விடிந்ததும் குளித்து உடுத்திக்கொண்டு பூசைக்குக் கிளம்பிவிடுவாள். அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனவே ஞாயிறு முழுக்க நான்தான். இங்கே சிங்கப்பூரில் அசிசி பிரான்சிஸ் கோயில் எங்கள் புளோக்கிலிருந்து நடந்து போகிற தூரம். ஏழு மாதமாக அந்த நடை இல்லை.

கைப்பேசியைப் பால்மாவு டின்னில் சாய்த்து வைத்து நேரலைப் பூசை பார்க்கிறோம். பெரும்பாலும் ஊரிலிருந்து வருகிற தமிழ்ப் பூசை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கும் நேரத்தில் திரையில் ஆன்மீக நற்கருணைச் செபம் வரும். அப்பத்தை வாயில் வாங்க முடியாதவர்கள் மனத்தால் இயேசுவை வாங்கிக்கொள்ளச் சொல்கிற செபம். நான் சத்தமாக வாசிப்பேன். அப்போது அம்மா வாயைத் திறக்கிறார். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். நாக்கைக்கூட நீட்டுகிறார். என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

கேட்க நினைப்பது இதுதான். நான் வாசிக்கிற அந்தச் செபம் செல்லுமா? பூசைக்குப் போகாதது பாவக் கணக்கில் சேருகிறதா? அப்புறம், அம்மா வாயைத் திறந்தால் நான் என்னதான் செய்வது?

---

நொவீனா_சனிக்கிழமை | ஞாயிறு, பிற்பகல் 2:05

தங்கச்சி, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும். பாவம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2181, தகுந்த காரணம் இருந்தால் ஞாயிறு கடமை இல்லை என்கிறது. நோயையும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதையும் உதாரணமாகவே சொல்லியிருக்கிறது. குழாயில் பால் குடிக்கும் தாயைப் பார்த்துக்கொள்வது அதற்குக் குறைந்ததா?

செல்லுமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பாட்டி இதை "ஞான நன்மை" என்பார். பூசைக்குப் போகாத நாளில் அடுப்படியிலேயே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். கொரோனா காலத்தில் யாரோ கண்டுபிடித்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் (ஆயர்கள் கூடிய திருச்சபையின் பெரிய சபை) நற்கருணை வாங்குவோரை மூன்று வகையாகப் பிரித்தது. பாவத்தோடு வாய்க்குள் மட்டும் வாங்குகிறவர்கள் ஒரு வகை. உயிருள்ள விசுவாசத்தோடு ஆசையினாலே உண்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தவர்கள் மூன்றாவது. ஆசையினால் உண்கிறவர்களுக்கும் அதன் பலன் கிடைக்கிறது என்பதுதான் சங்கத்தின் போதனை. வாயில் வாங்கியும் ஒன்றும் பெறாதவர்கள் உண்டு, வாயில் வாங்காமலே பெறுகிறவர்களும் உண்டு என்று நான் புரிந்துகொண்டேன்.

நீங்கள் திரையில் வாசிப்பது அநேகமாக அல்போன்ஸ் லிகோரி எழுதிய செபமாக இருக்கும். "இப்போது உம்மை நற்கருணையில் வாங்க இயலாததால் ஆன்மீக முறையிலாவது என் உள்ளத்தில் வாரும்" என்று வருமே, அது. தாம்சன் ரோட்டில் நான் சனிக்கிழமை தோறும் நவநாளுக்குப் போகிற கோயில் அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லாரும் நொவீனா சர்ச் என்போம், ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்கிற அல்போன்ஸை யாரும் நினைப்பதில்லை.

அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1768இல் கடுமையான வாதக் காய்ச்சல் வந்து அவர் கழுத்து வளைந்துவிட்டது. தாடை நெஞ்சில் அழுந்தி அழுந்திப் புண்ணே ஆகிவிட்டது. அதன்பின் சாப்பாட்டு வேளையில் குழாய் வைத்துத்தான் குடித்தார். பூசையில் நாற்காலியில் சாய்ந்து, பக்கத்தில் ஒருவர் உதவினால்தான் திராட்சை இரசக் கிண்ணம் வாய்க்கு எட்டும். அப்படி ஏறக்குறைய 19 வருடம் வாழ்ந்தவர் எழுதியதைத்தான் நீங்கள் அம்மாவுக்கு வாசிக்கிறீர்கள்.

---

கடன்_திருநாள் | ஞாயிறு, பிற்பகல் 3:31

எல்லாரும் ஆறுதல் சொல்வீர்கள், சரி. நான் கசப்பாகத்தான் சொல்லப்போகிறேன்.

திரையில் பார்ப்பது பூசை இல்லை. பூசையைப் *பார்ப்பது*. கல்யாண வீடியோ பார்த்தவன் விருந்து சாப்பிட்டதாகச் சொல்ல முடியுமா? 2020 பிப்ரவரி 15 முதல் சிங்கப்பூரில் எல்லாப் பூசையையும் நிறுத்தினார்கள், வேறு வழியில்லை. ஜூலையில் 50 பேர், முன்பதிவு என்று திறந்தார்கள். அப்போது இடம் கிடைக்காமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். எல்லாக் கட்டுப்பாடும் போன பிறகு அதே ஆட்களில் பாதிப் பேரைக் காணோம். கேட்டால் "நாங்கள் ஆன்லைனில் பார்க்கிறோம், செபம் சொல்லிவிடுகிறோம்" என்கிறார்கள். கையில் கோப்பி, மடியில் பூனை. இது என் எரிச்சல் மட்டும் இல்லை. போப் பிரான்சிஸே 2020 ஏப்ரல் 17 அன்று, நேரலையில் பூசை வைத்துக்கொண்டே எச்சரித்தார். மக்களும், நற்கருணை போன்ற அருள்சாதனமும் இல்லாத உறவு ஆபத்து, இப்போதிருப்பது நெருக்கடியில் இருக்கிற திருச்சபை, இதிலேயே தங்கிவிடக் கூடாது என்று.

30 வருடம் பேருந்து ஓட்டினேன். ஞாயிறு ஷிப்ட் விழுந்தால் சனி மாலைப் பூசைக்குப் போவேன், திருச்சபைச் சட்டம் 1248 அதை ஏற்கிறது. மனம் இருந்தால் வழி உண்டு. தங்கச்சி சனி மாலை போகலாமே?

---

பூன்லே_மகள் | ஞாயிறு, பிற்பகல் 3:50

ஐயா, தேக்காவில் துணிக்கடையில் வேலை. சனிக்கிழமை கடை சாத்தும்போது இரவு பத்தாகிவிடும். அன்றுதான் வியாபாரமே. மடியில் பூனை இல்லை.

---

இரவுப்பணி_தாதி | ஞாயிறு, மாலை 6:44

இப்போதுதான் எழுந்தேன். மற்ற பதிவுகளை அப்புறம் படிக்கிறேன், இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அக்கா, அம்மா வாயைத் திறக்கிறார் என்பதற்காக அப்பத்தில் ஒரு துளி கூட நீங்களாக வைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருகிறவர் ஆசைப்பட்டாலும் விடாதீர்கள். வாய் வழியாக எதுவும் கூடாது என்று மருத்துவமனைத் தாளில் எழுதியிருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். பக்தியில் அப்படிச் செய்துவிட்டு மறுபடி வார்டுக்கு வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கதவு முழுக்க மூடியும் இல்லை. சட்டம் 925 தேவை ஏற்பட்டால் அப்பம் இல்லாமல் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டுமே நற்கருணை கொடுக்கலாம் என்கிறது. விழுங்கும் பயிற்சி கொடுக்கிற சிகிச்சையாளர் அம்மாவைச் சோதித்து, கரண்டி நுனியில் ஒரு சொட்டு தாங்குவார் என்று சொன்னால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பங்குத் தந்தையிடம் பேசுங்கள். முதலில் சிகிச்சையாளர், அப்புறம் சாமியார். வரிசை மாறக் கூடாது.

நோயில்பூசுதல், அதாவது சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது, கொடுத்தாயிற்றா? பழைய ஆட்கள் அவஸ்தைப் பூசுதல் என்று சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். கடுமையான நோய் வந்தாலே வாங்கலாம். அதற்கு விழுங்கவே வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் வீட்டிலேயே நன்மை வாங்கலாம். நோயாளிக்குக் கொண்டுவருகிறவரிடம் பராமரிப்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு மணி நேர உபவாசம்கூட நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் தளர்த்தப்பட்டிருக்கிறது. பங்கு அலுவலகத்துக்கு ஒரு போன் போதும்.

---

டூவாஸ்_வெல்டர் | ஞாயிறு, இரவு 9:20

கடன்_திருநாள் அண்ணே, மனம் இருந்தால் வழி உண்டு என்றீர்கள். மனம் இருந்தும் வழி இல்லாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

நான் தூத்துக்குடி. 2020இல் டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், எங்கள் அறையில் 12 பேர், அதில் வேதக்காரர் (கிறிஸ்தவர்) மூன்று பேர். ஏப்ரலில் கொரோனாவுக்காகக் கதவைப் பூட்டினார்கள். சாப்பாடு பொட்டலத்தில் வரும், கழிவறைக்கு நேரம் உண்டு. ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு. மேல் கட்டிலில் ஒரே போனை மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். ஊர்ப் பூசை. ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம், அதற்குள் டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து யாரும் வீட்டுக்குக்கூடப் பேசவில்லை. அந்தச் செபம் வந்தபோது மூன்று பேரில் மூத்தவர், மரியாதைக்குரிய ஆள், கட்டிலை விட்டு இறங்கித் தரையில் முட்டி போட்டார். கீழ்க் கட்டிலில் இருந்த பங்களாதேஷ் அண்ணன் காலை மடக்கி இடம் விட்டார். அவ்வளவுதான் இடம்.

ஜூலையில் கோயில் திறந்தது உங்களுக்கு. எங்களுக்கு வெளியே விடவில்லை, அதற்குப் பிறகும் நெடுங்காலம் வேலைக்கும் டார்முக்கும் லாரிதான். நான் மறுபடி நாக்கில் நன்மை வாங்கியது 2022இல், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில். 1888இல் நம் தமிழ் ஆட்களுக்கென்று கட்டிய கோயில் அது என்று சொல்வார்கள். அன்றைக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. வரிசையில் நிற்கும்போது கால் நடுங்கியது மட்டும்தான் நினைவு.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த இரண்டு வருடச் செபம் வீண் இல்லை. வீணாக இருந்திருந்தால் கால் நடுங்கியிருக்காது. ஆனால் அது போதும் என்றும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பசிக்கு வயிற்றில் ஈரத்துணி போடுவது போல என்று எங்கள் மூத்தவர் சொன்னார்.

இப்போதும் ஞாயிறு ஓவர்டைம் வரும், பிள்ளைப் படிப்புக்காக எடுத்துக்கொள்வேன். அந்த ஞாயிறுகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

---

யாழ்_பேரன் | திங்கள், காலை 8:15

வெல்டர் அண்ணையின்ர பதிவைப் படித்துவிட்டு ரயிலில் நிற்கிறேன், கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

எங்கட ஆட்களும் சுவாமியார் இல்லாமல் இருந்தவர்கள்தான். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் முனிவர் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும் வரை 29 வருடம். ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, தானும் பிள்ளை பெறுகிற காலம். பூசை எப்படி இருக்கும் என்றே அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. முனிவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம், அதைப் பார்த்து எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று கவனிக்க. பிறகு சில்லாலையில் தங்கி இரவிரவாகப் பூசை வைத்தார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் பாற்சோறு.

அந்த 29 வருடத்தில் அவர்களிடம் இருந்தது ஆசை மட்டும்தான். செபமாலையைக் கண்டதும் முகம் மாறிய அந்த வீடுகள்தான் "செல்லுமா" என்ற கேள்விக்குப் பதில் என்பது என் எண்ணம்.

---

நாலாம்_மாடி | திங்கள், காலை 10:02

ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். சர்க்யூட் பிரேக்கர் (கொரோனா ஊரடங்கு) நேரத்தில் எங்கள் மாமியார் டிவி முன்னால் ரொட்டியும் திராட்சை ஜூஸும் வைத்து, சாமியார் வசீகரம் (அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக்கும் வார்த்தைகள்) சொன்னதும் எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தார். நாங்களும் சாப்பிட்டோம். அது என்ன கணக்கு?

---

நொவீனா_சனிக்கிழமை | திங்கள், காலை 10:30

அது காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். திரை வழியாக அப்பம் வசீகரம் ஆகாது. மாமியாரின் ஆசை உண்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆன்மீக நற்கருணையில் வாய்க்கு ஒன்றும் கிடையாது என்பதுதான் விஷயமே. கை வெறுமையாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற செபம் அது. ரொட்டியை வைத்தால் அந்த வெறுமையை மூடிவிடுகிறோம்.

நேரலையா, பதிவு செய்ததா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். இந்தச் செபத்துக்குத் திரையே தேவையில்லை. என் பாட்டிக்கு இருந்தது மண்ணெண்ணெய் அடுப்பு. விசுவசிக்கிறேன், ஆசைப்படுகிறேன், வாரும், நன்றி. சாவான பாவம் உறுத்தினால் முதலில் உத்தம மனஸ்தாபம் (கடவுள்மேல் உள்ள அன்பால் வருந்துவது), முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமியாரிடம் பாவத்தைச் சொல்வதற்கு) போகும் தீர்மானத்தோடு.

---

பெயர்_வேண்டாம் | செவ்வாய், இரவு 11:48

நான் ஒவ்வொரு ஞாயிறும் நேரிலேயே போகிறேன். போயும் நன்மை வாங்க முடியாத ஆள்.

கணவர் இந்து. எட்டு வருடம் முன்பு பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டோம், கோயிலில் அனுமதி எதுவும் வாங்கவில்லை, அதனால்தான். மகள் இந்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை) எடுத்தாள். இப்போது அவள் வரிசையில் போவாள், நான் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஆசீர் வாங்கப் பின்னால் போவேன். போன வாரம் திரும்பி நடக்கும்போது, "அம்மா, உனக்கு ஏன் தரலை?" என்று கேட்டுவிட்டாள். உட்கார்ந்து அந்தச் செபத்தைத்தான் சொன்னேன். இந்த இழையில் வழி இல்லாதவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வழி இருந்தும் போகாத என்னைப் போன்றவர்களுக்கு இது உண்டா?

---

நொவீனா_சனிக்கிழமை | புதன், காலை 7:10

உண்டு. ஆனால் அக்கா, உங்கள் விஷயம் தீரக்கூடியது என்று எனக்குப் படுகிறது. இருவருக்கும் முன் திருமணம் எதுவும் இல்லையென்றால், ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விலக்கு வாங்கி, திருமணத்தைத் திருச்சபை முறைப்படி சீர்ப்படுத்தலாம். கணவர் மதம் மாற வேண்டியதில்லை. பங்குத் தந்தையிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், இங்கே அவர்களுக்கு இது வாராவாரம் வருகிற விஷயம். எட்டு வருடம் செபத்தில் ஆசைப்பட்டதை ஒரு கையெழுத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

---

கடன்_திருநாள் | புதன், மதியம் 12:25

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். பூனை விஷயத்துக்கு மன்னிப்பு, தங்கச்சி.

நான் சொன்ன கருத்தை மாற்றவில்லை. திரை பூசை ஆகாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் கால் நீட்டி உட்கார்ந்தால் என் வாதத்துக்கு என்ன மரியாதை? உங்களைக் கோயிலுக்குப் போ என்று சொல்கிறவன், போக வழி பண்ண வேண்டும் அல்லவா. நான் ஜூரோங் வெஸ்ட். என் வீட்டுக்காரி தாதிமை இல்லம் ஒன்றில் 11 வருடம் வேலை பார்த்தவள், குழாய், சளி உறிஞ்சுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். நாங்கள் சனி மாலைப் பூசைக்கே போய்விடுகிறோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அம்மாவோடு அவள் இருக்கிறாள். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிறேன்.

---

நெறியாளர் | புதன், மதியம் 12:40

முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவில் வேண்டாம். தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள்.

---

இரவுப்பணி_தாதி | புதன், மாலை 5:58

நல்ல காரியம். அக்கா, முதல் வாரம் வெளியே போகாதீர்கள். அந்த அம்மா வந்து உங்கள் முன்னால் ஒரு தடவை பால் ஏற்றட்டும். உங்கள் அம்மாவும் முகத்தைப் பழகட்டும். தலைமாட்டு உயரம், அவசரத்துக்கு 995, எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

---

பூன்லே_மகள் | ஞாயிறு (மூன்று வாரம் கழித்து), பிற்பகல் 12:30

சொல்லாமல் விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

சிகிச்சையாளர் பார்த்தார். இப்போதைக்கு ஒரு சொட்டும் வேண்டாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார். சாமியார் வந்து அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்தார். வாயைத் திறப்பதைப் பற்றிக் கேட்டேன். "திறக்கட்டும், நீ முகத்தைத் திருப்பாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடன்_திருநாள் ஐயா யார் என்று கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் கோயிலில் காணிக்கைப் பை எடுக்கிறவர். சில்லறை போட்டால் ஒரு பார்வை பார்ப்பாரே, அவரேதான். ஆன்ட்டி வந்து ஐந்து நிமிடத்தில் அம்மாவின் தலையணையை மாற்றி வைத்தார், நான் ஏழு மாதமாகத் தப்பாக வைத்திருந்தேனாம்.

இன்றைக்குப் போனேன். நடக்க எட்டு நிமிடம், கிளம்பவே கால் மணி நேரம் ஆனது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். முதல் வாசகம் முடிந்திருந்தது. கடைசி வரிசையில் நின்றேன். வெல்டர் அண்ணன் சொன்னது போலக் கால் நடுங்கவில்லை, கைதான் நடுங்கியது, அதனால் நாக்கில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் வாயையே பார்த்தார். "வாங்கிட்டேன்மா" என்றேன். இடது கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டார், வெகு நேரம் விடவில்லை. அப்படியே குனிந்தபடி அந்தச் செபத்தை இருவருக்குமாகச் சொன்னேன். ஐயா கூடத்தில் பேப்பரை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமும் வருகிறார்களாம். ஐயாவுக்கு கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி), ஆன்ட்டிக்குச் சுடுதண்ணீர் மட்டும்.